சுவிட்சைப் போட அம்மா எதற்கு?

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னிடம் "சரிப்பா, வந்துடறன்" என்றேன் அல்லவா, அந்தச் சரியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நான் வேலையை விடப்போவதில்லை. உன் கல்யாணம் முடிந்ததும் பெட்டி படுக்கையோடு சென்னைக்கு வந்து உங்கள் இரண்டு பேருக்கும் சமைத்துப் போடப்போவதும் இல்லை. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ "அம்மா..." என்று ஒரு இழுப்பு இழுப்பாய், நான் உருகிப்போவேன். காகிதத்திடம் உன் வித்தை பலிக்காது. அதனால் ஷிஃப்ட் முடிந்து வந்து, குளித்து, ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டு நிதானமாக உட்கார்ந்து எழுதுகிறேன். நீயும் நிதானமாகப் படி. பாதியில் போனை எடுக்காதே.

நான் ஏன் சரி என்றேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். "நித்யாவுக்கு ஆஸ்பத்திரியில ஷிஃப்ட்டும்மா. எனக்கும் ஆபீஸ்ல நேரங்காலமே கெடையாது. ஓட்டல் சோறு வயித்துக்கு ஒத்துக்க மாட்டேங்குது. நீ இத்தன வருசம் ஒழைச்சது போதும், வேலையை விட்டுட்டு எங்ககூட வந்துடு" என்றாய். கேட்டதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பெண்டாட்டி வரப்போகிற நேரத்திலும் பிள்ளை நம்மைத் தேடுகிறான் என்றால் எந்தத் தாய்க்குக் கசக்கும்? அன்று சாயந்திரம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பால் வாங்கப் போன இடத்தில், யாரும் கேட்காமலே, "எம் பையன் என்னைக் கூடவே வந்துடச் சொல்றான்" என்று பீற்றிக்கொண்டு வந்தேன். உன் அப்பாதான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அவன் அம்மாவக் கூப்பிடுதானா, சமையலுக்கு ஆள் கூப்பிடுதானா? நல்லா யோசிச்சுக்கோ" என்றார். எத்தனை வருஷம் ஓசூரில் இருந்தாலும் கோவில்பட்டிக்காரர் வாய் மாறுமா? எனக்குச் சுருக்கென்றது. "எம் புள்ள மேல உங்களுக்கு இன்னா பொறாமை" என்று சண்டைக்குப் போனேன். "பொறாமை இல்லட்டி. நீ போகணும்னு உனக்குத் தோணிச்சுன்னா போ, நான் பெட்டியத் தூக்கிட்டு வாரேன். அவன் கூப்பிட்டுட்டானேன்னு போவாத" என்றார். அவர் சொன்னது நியாயமாகப் பட்டதால் இன்னும் கொஞ்சம் சண்டை போட்டேன்.

மறுநாள் வேலைக்குப் போனேன். கம்பெனியில் புதிதாக ஒரு லைன் வருகிறது. வண்டிகளுக்கு வயர் கட்டுகிற அதே வேலைதான், மாடல் மட்டும் புதுசு. சூளகிரி, பேரிகை, தளி பக்கமிருந்து ப்ளஸ் டூ முடித்த பெண்களை எடுக்கிறார்கள். அந்த லைனுக்கு என்னை லீடராகப் போடப்போகிறோம் என்று மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தக்காளித் தோட்டத்திலிருந்து வந்தவளடா நான். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை, அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. "ஏம்மா, புடிக்கலையா?" என்றார். "வெள்ளிக்கிழமை சொல்றன் சார்" என்று சொல்லிவிட்டு நேராகப் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். உனக்குச் சரி என்று சொன்னபோது நான் எதை விட்டுக்கொடுத்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. நாளைக்கு வெள்ளிக்கிழமை.

இப்போது உன் சமையலறைக்கு வருகிறேன். பொங்கலுக்கு நானும் அப்பாவும் உன் ஃப்ளாட்டுக்கு வந்தபோது பார்த்தோமே, அங்கே என்னதான் இல்லை? சூடாக்குவதற்கும் சுடுவதற்கும் ஒரு மைக்ரோவேவ். தீயே இல்லாத இண்டக்‌ஷன் அடுப்பு. நெற்றி நிறையப் பட்டன் வைத்த மல்ட்டி குக்கர். ஒரு பட்டன் சோற்றுக்கு, ஒன்று கஞ்சிக்கு, ஒன்று சூப்புக்கு, ஒன்று ஆவிக்கு. நேரம் வைத்துவிட்டுப் போனால் நீ வீட்டுக்கு வரும்போது தானாக வெந்து சூடாக இருக்குமாம். நீதான் எனக்கு விளக்கிச் சொன்னாய். சொல்லும்போது நான் மூடியைத் தடவிப் பார்த்தேன், கடையில் ஒட்டிக்கொடுத்த பிளாஸ்டிக் தாள்கூட உரிக்கவில்லை. "நேரமில்லம்மா" என்றாய். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற கதை இதுதான். எல்லா வேலையும் செய்கிற மிஷினை வாங்கி வைத்துவிட்டு, அதன் சுவிட்சைப் போட ஓசூரிலிருந்து அம்மா வர வேண்டும் என்கிறாயே, உனக்கே சிரிப்பாக இல்லை? எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கோபம் வந்தது. அந்தச் சமையல் மேடையில் இன்னும் ஒரு மிஷினுக்கு இடம் இருக்கிறது என்று நினைத்துவிட்டாயோ என்று.

நம் வீட்டுக்கு முதல் குக்கர் வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். நீ அப்போது ப்ளஸ் ஒன். ஓசூரில் யார் எந்தக் கம்பெனி, எத்தனை வருஷம் சர்வீஸ் என்று அவர்கள் வீட்டுப் பாத்திரத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம், ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை ஒரு சாமான் கொடுப்பார்கள். ஒரு வருஷம் எவர்சில்வர் அண்டா, ஒரு வருஷம் ஹாட் பாக்ஸ். அந்த வருஷம் பொரி கடலையோடு கரெண்ட் குக்கர் கொடுத்தார்கள். சோறு, இட்லி, காய், கேக் என்று பெட்டி முழுக்கப் படம். நம் காம்பவுண்டில் இருந்த வீடுகளில் முக்கால்வாசி எங்கள் கம்பெனிதான், அதனால் அந்த வீடுகளில் எல்லாம் அதே குக்கர், அதே பச்சை நிறம். குங்குமம் வைத்து, பூ வைத்து, கற்பூரம் காட்டிவிட்டு, லீவு முடிந்த மறுநாள் விடியற்காலை எல்லாரும் அரிசியைக் கழுவிப் போட்டு சுவிட்சைத் தட்டினோம். எல்லாருக்கும் முதல் ஷிஃப்ட், எல்லாருக்கும் ஒரே பஸ். காம்பவுண்டுக்கு இருந்ததோ ஒரே மீட்டர். 'டப்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், காம்பவுண்டே இருட்டு. பக்கத்து வீட்டு ரத்னம்மா, கன்னடக்காரி, ஈரக் கையோடு வாசலுக்கு ஓடி வந்து "அய்யோ தேவரே, கரெண்ட்டு ஹோய்த்து!" என்று கத்தினாள். நாள் முழுக்க வயரோடு மாரடிக்கிற கூட்டம் நாங்கள். ஒரு வயர் எவ்வளவு தாங்கும் என்பது ஒருத்திக்கும் தோன்றவில்லை பார். அன்றைக்குக் காம்பவுண்டு மொத்தமும் பிஸ்கட் தின்றுவிட்டு வேலைக்குப் போனது.

அடுத்த நாளும் அதே கூத்து. வீட்டுக்காரர் பனியனோடு வந்து நின்று, "இன்னொரு வாட்டி பீஸ் போச்சுன்னா குக்கரையும் உங்களையும் சேத்து வெளிய வெச்சிடுவன்" என்றார். சரி, ஆளுக்கொரு நேரம் என்று முறை வைத்துக்கொள்வோம் என்று சீட்டுக் குலுக்கினோம். நமக்கு வந்தது கடைசி முறை. அதாவது என் பஸ் போன பிறகு. ரத்னம்மாவிடம் மாற்றிக் கேட்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, ஏன் கேட்க வேண்டும், வீட்டில் இரண்டு ஆண்பிள்ளைகள் தடியர்கள் மாதிரி தூங்கிக்கொண்டிருக்கிறார்களே என்று தோன்றியது. உன் அப்பாவுக்கு அப்போது ஜெனரல் ஷிஃப்ட், எனக்குப் பின்னால்தான் கிளம்புவார். சொன்னேன். "அடுப்புகிட்ட எல்லாம் நான் போவ மாட்டேன், கேட்டியா? எங்க ஊர்ல தெரிஞ்சா வாயால சிரிக்க மாட்டானுவ" என்றார். நான் விடவில்லை. "அடுப்பு எங்கங்க இருக்குது? தீ இருக்குதா, பொகை இருக்குதா? சுவிட்சு, லைட்டு, வயரு. இது மிஷினு. கம்பெனியில நீங்க ஓட்டறதவிடச் சின்ன மிஷினு. இத ஓட்டத் தெரியலன்னா வெளிய சொல்லாதீங்க, மானம் போயிடும்" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையில் விழுந்தார் மனிதர். அடுப்பென்றால் பெண்பிள்ளை வேலை, மிஷின் என்றால் ஆண்பிள்ளை வேலை என்று இவர்கள் மண்டையில் யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள், நாம் மிஷின் பக்கமாகப் போய்க் கதவைத் தட்ட வேண்டியதுதான். ஒரு வாரம் போவதற்குள் குக்கர் அவருடைய குழந்தையாகிவிட்டது. உள்பாத்திரத்தின் அடியை ஈரமில்லாமல் துடைத்துத்தான் வைக்க வேண்டும், எவர்சில்வர் கரண்டி போடக் கூடாது, சோறு ஆனதும் உடனே திறக்காமல் கொஞ்ச நேரம் விட வேண்டும் என்று எனக்கே பாடம் எடுத்தார். "நேத்து தண்ணி ஒரு மடக்கு கூடிப்போச்சு, இன்னைக்குப் பாரு, மல்லிப்பூவா இருக்கும்" என்பார். போகிற வழியில் என் கம்பெனி கேட்டில் டிபன் பாக்ஸைக் கொடுத்துவிட்டுப் போவார். "அக்கா, மாமா சமையல் வந்துட்டுது" என்று வாட்ச்மேன் கிண்டல் பண்ணுவான். எனக்கு அந்தக் கிண்டல் பிடித்திருந்தது. வேறொருத்தர் எனக்காக ஆக்கிய சூடான சோற்றைக் கேன்டீனில் திறந்து வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தபோது என் லைனில் எவ்வளவு பேருக்கு வயிறு எரிந்தது தெரியுமா?

எல்லாவற்றையும் அதில் செய்துவிடலாம் என்று நானும் ஒருமுறை ஏமாந்தேன். எத்தனை சோறு தின்றாலும் நான் பேரிகைக்காரி, வாரத்துக்கு ஒருநாளாவது களி உருண்டை உள்ளே போகாவிட்டால் எனக்குக் கை கால் ஓடாது. இட்லி, கேக் எல்லாம் வரும் என்று பெட்டியில் படம் இருக்கிறதே, களி வராதா என்று, தண்ணீர் கொதித்ததும் ராகி மாவைக் கொட்டி மூடிவிட்டுத் துணி துவைக்கப் போனேன். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவளுக்குப் புத்தி எங்கே போயிற்று? மாவு அடியில் போய் அப்பிக்கொண்டது, வெந்துவிட்டதென்று நினைத்துக் குக்கர் தானே அணைந்துவிட்டது. திறந்தால் மேலே மாவு, கீழே காந்தல். சரி, கிண்டிப் பார்ப்போம் என்று களிக்கோலைப் போட்டால், கோல் போகிற பக்கமெல்லாம் பாத்திரமும் சேர்ந்து சுற்றுகிறது. உன் அப்பா துண்டைச் சுற்றிப் பாத்திரத்தைப் பிடிக்க, நான் கிண்ட, நீ அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஏதோ தேர் இழுப்பது மாதிரி இருந்தது. கடைசியில் கட்டி கட்டியாக ஒன்று வந்தது. மூன்று பேரும் கீரைக் குழம்பில் தோய்த்து விழுங்கினோம். அதிலிருந்து களிக்குக் காஸ் அடுப்பு, சோற்றுக்கும் பருப்புக்கும் குக்கர் என்று பிரித்துவிட்டேன். உன் பட்டன் மிஷினுக்கும் இதையேதான் சொல்வேன். அதனால் முடிவதை அதனிடம் விடு, முடியாததைக் கையால் செய். கை என்று நான் சொல்வது உன் கையை.

"எனக்குச் சமைக்கத் தெரியாதும்மா" என்று ஆரம்பிக்காதே. ராயக்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு நானும் அப்பாவும் திரும்பிய அன்றைக்குச் சானமாவு ரோட்டில் யானை நிற்கிறதென்று வண்டிகளை எல்லாம் நிறுத்திவிட்டார்களே, மறந்துவிட்டாயா? பஸ் நகரவே இல்லை. உனக்குப் பரீட்சை நேரம், வீட்டில் மாவுகூட இல்லை. பிள்ளை பட்டினி கிடக்கிறானே என்று நான் வழி நெடுக யானையைத் திட்டிக்கொண்டு வந்தேன். வந்து கதவைத் தள்ளினால் வீடு முழுக்கச் சாம்பார் வாசனை. அரிசி, பருப்பு, தக்காளி, கத்தரிக்காய், சாம்பார் பொடி எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் குக்கரில் வைத்திருந்தாய். உப்புக் கொஞ்சம் தூக்கல். உன் அப்பா, "ஏலே, உங்கம்மைய விட நல்லாருக்குடே" என்றார், நான் முறைத்தேன். உண்மையில் நன்றாகத்தான் இருந்தது. அந்தப் பையன் எங்கே போனான்? ஹாஸ்டலுக்குப் போனான், மெஸ்ஸில் சாப்பிட்டான், சம்பளம் வாங்கினான், இப்போது சமையலென்றால் அம்மா என்கிறான். பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகிவிட்டது.

அந்தச் சாம்பார் சாதத்தையே மறுபடி செய். ஒரு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் துவரம்பருப்பு. இரண்டையும் கழுவி, நீ குளித்துவிட்டு வருகிற வரைக்கும் ஊற வை. அதற்குள் சின்ன வெங்காயத்தை உரிக்க முடியாவிட்டால் பெரிய வெங்காயத்தை நறுக்கு, சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. நாலரை டம்ளர் தண்ணீர், புளியைக் கெட்டியாகக் கரைக்காதே. ஆவித்தட்டு ஒன்று கொடுத்திருப்பான், அதில் பீன்ஸையோ முட்டையையோ மேலே வைத்துவிட்டால் அதுவும் கூடவே வெந்துவிடும். சுவிட்சைப் போட்டுவிட்டு நீ போய் உன் வேலையைப் பார். நித்யாவுக்குக் காலை ஷிஃப்ட் என்றால் நீ வை, உனக்கு நேரமாகும் என்றால் அவள் வைக்கட்டும். யார் வீட்டுக்கு முதலில் வருகிறார்களோ அவர்கள் கை. அப்படியொரு பழக்கம் முதல் மாதத்திலேயே வந்துவிட வேண்டும், முதல் மாதம் தவறிவிட்டால் அப்புறம் காலத்துக்கும் அது அவள் தலையில்தான் விழும், நான் நிறையப் பார்த்துவிட்டேன். வெந்தது குழைந்துவிட்டதா, குழைந்ததைச் சாப்பிடுங்கள். அடி பிடித்துவிட்டதா, ஊற வைத்துத் தேயுங்கள். அதற்கெல்லாம் எனக்குப் போன் பண்ணலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் பண்ணலாம்.

நேற்று நித்யா போன் பண்ணினாள். "அத்தை, நீங்க எங்ககூட வந்து இருக்கப்போறீங்கன்னு அவர் சொன்னாரு. எனக்குச் சந்தோஷம்தான். ஆனா உங்க வேலை?" என்றாள். நான் ஏதோ மழுப்பினேன். அவள் விடவில்லை. "இல்லத்தை, நெசமாத்தான் கேக்கறன். அத்தன வருசமா பாத்த வேலை. அது இன்னா ஆவறது?" என்றாள். உனக்கு நான் சரி என்று சொல்லி மூன்று நாள் ஆகியிருந்தது. கிருஷ்ணகிரியில் பூ வைத்தபோது ஒருமுறை பார்த்துப் பேசிய பெண், அவள் கேட்டாள், நான் பெற்ற பிள்ளை நீ கேட்கவில்லை. கண்ணு, உன்னைக் குத்திக் காட்ட இதை எழுதவில்லை. கொஞ்சம் குத்தத்தான் எழுதுகிறேன், பொய் எதற்கு. வலித்தது எனக்கு. நான் அவளிடம், "வேலை எங்கியும் போவாதும்மா, நானும் போவமாட்டன்" என்றேன். சொன்ன பிறகு நெஞ்சு லேசானது. "அப்பாடா" என்று அவள் போனில் மூச்சு விட்டது இங்கே எனக்குக் கேட்டது. தன் வீட்டில் மாமியார் வேண்டாம் என்பதால் விட்ட மூச்சு என்று நீ நினைத்தால் நீ அவளை இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. நான் பார்த்துவிட்டேன். நல்ல பெண்ணைப் பிடித்திருக்கிறாய்.

ஆக, நாளைக்குக் காலையில் இந்தக் கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். போனதும் மேனேஜரிடம் சரி என்று சொல்வேன். அந்தச் சரியை யாருக்காகவும் திரும்ப வாங்கமாட்டேன். கல்யாணத்துக்கு லீவு எழுதிக் கொடுத்தாயிற்று, மஞ்சள் அரைப்பதிலிருந்து பந்தல் பிரிக்கும்வரை உன் அம்மா முன்னால் நிற்பாள், அதில் குறை வைக்கமாட்டேன். நீ கோபப்பட்டால் ஒரு வாரம் பட்டுக்கொள். உன் கோபம் எனக்குத் தெரியும், பசி வந்தால் இறங்கிவிடும்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பேரிகைக்குப் போனால் என் அண்ணி, "நீ கிண்டினாத்தான் களி பதமா இருக்குது" என்று என்னை அடுப்படிக்கு அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்துகொள்கிறாள். கோவில்பட்டிக்குப் போனால் மருமகள் வந்துவிட்டாள் என்று அங்கே இருப்பவர்கள் எல்லாரும் ஒதுங்கிக்கொள்கிறார்கள். எனக்குப் போவதற்கு வீடுகள் இருக்கின்றன கண்ணு. போனதும் செருப்பைக் கழற்றிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, தட்டின் முன்னால் உட்காருவதற்கு ஒரு வீடு இல்லை. அது உன் வீடாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. என்னைச் சமைக்கக் கூப்பிடாதே. சாப்பிடக் கூப்பிடு, ஓடி வருவேன்.

உன் அம்மா